மனு கொடுத்தாச்சு, அடுத்து என்ன? கடலூர் மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், விருத்தாசலம் பக்கங்களில் மனு எழுதவும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி தயாரிக்கவும் உதவி கேட்டு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பாகூர், கன்னியக்கோயில் ஆட்களும் கேட்பதால் புதுச்சேரியில் நடைமுறை எங்கே மாறுகிறது என்பதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடமே மனு கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் வீண்தானா?

வீண் இல்லை. ஆனால் மனுவோடு நிறுத்திக்கொண்டால் வீண்தான்.

உங்கள் மனு போகும் வழியைப் பாருங்கள். கூட்டத்தில் அதற்கு ஒரு எண் போடுகிறார்கள். பிறகு அது சம்பந்தப்பட்ட துறைக்குப் போகிறது. வருவாய்த் துறை என்றால் தாலுகா அலுவலகம், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், அவரிடமிருந்து வி.ஏ.ஓ. ஊராட்சி விஷயம் என்றால் பி.டி.ஓ. வழியாக ஊராட்சிச் செயலாளர். அதாவது நீங்கள் யாரைப் பற்றிப் புகார் எழுதினீர்களோ, பல நேரம் அவர் மேசைக்கே அது அறிக்கை கேட்டுப் போய்ச் சேருகிறது. அவர் நான்கு வரி எழுதி அனுப்புவார். அந்த நான்கு வரியை வைத்து மேலே ‘மனு முடிக்கப்பட்டது’ என்று பதிவாகிவிடும். உங்கள் போனுக்கும் ஒரு குறுஞ்செய்தி வரும். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் சொன்னாலும் கடைசியில் போகும் பாதை ஏறக்குறைய இதுதான்.

ஆகவே மனு என்பது ஒரு தொடக்கப் பதிவு, அவ்வளவுதான். மனு வந்தால் மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2015-இலேயே தமிழக அரசு ஆணை போட்டிருக்கிறது. அந்த ஒரு மாதம் முடிந்த மறுநாள், மனுவைப் பற்றியே தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனு எந்தத் தேதியில் எந்த அலுவலருக்கு அனுப்பப்பட்டது? அவர் பெயரும் பதவியும் என்ன? அவர் கொடுத்த அறிக்கையின் நகல் வேண்டும். இந்த மூன்றே போதும். அந்த நான்கு வரி அறிக்கை கைக்கு வந்ததும், அது பொய்யா மெய்யா என்று ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. ‘நேரில் தணிக்கை செய்ததில் ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை’ என்று எழுதியிருந்தால், ஆக்கிரமிப்பின் படத்தோடு அடுத்த மனு. இந்த முறை அறிக்கை எழுதியவரின் பெயரோடு.

மனுவை எப்படி எழுத வேண்டும்?

ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. தெருவிளக்கு, குடிநீர், ரேஷன் கடை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், மூன்று துறைக்குப் பிரித்து அனுப்ப யாருக்கும் பொறுமை இருக்காது. ஏதோ ஒரு துறை ‘எங்கள் வரம்பில் இல்லை’ என்று திருப்பி எழுதினால் மூன்றுமே போச்சு.

பொருள் வரியிலேயே ஊர், வார்டு, தெரு, சர்வே எண் எல்லாம் வந்துவிட வேண்டும். ஏற்கெனவே மனு கொடுத்திருந்தால் அதன் எண்ணும் தேதியும் பார்வை வரியில். மூன்று தலைமுறைக் கதை வேண்டாம். ‘தாழ்மையுடன் பாதம் பணிந்து’ கண்டிப்பாக வேண்டாம், வாசலில் எழுதித் தருகிறவர்கள் பழக்கத்தில் சேர்ப்பார்கள், அடித்துவிடச் சொல்லுங்கள். தபால் பிரிவில் கொடுத்தால் உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். சீல் போட மறுத்தால் வாக்குவாதம் செய்ய வேண்டாம். நேராகத் தபால் நிலையம் போய் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை மனு நகலோடு பின் அடித்துக்கொள்ளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். ‘கேள்வி தெளிவாக இல்லை’ என்று பதில் வந்தது. என்ன தப்பு?

பெரும்பாலும் கேள்வி வடிவத்தில்தான் தப்பு. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குத் தருவது பதிவேட்டில் இருப்பதைப் பார்க்கும் உரிமை. அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை அதில் கிடையாது. ‘ஏன் எங்கள் தெரு வாய்க்காலைத் தூர் வாரவில்லை? மக்கள் வரிப்பணம் எங்கே போயிற்று?’ என்று எழுதினால் மனசு ஆறும், பதில் வராது.

அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

‘கடலூர் மாநகராட்சி, இன்ன வார்டு, இன்ன தெரு மழைநீர் வடிகாலில் 1.4.2023 முதல் இன்று வரை செய்யப்பட்ட தூர்வாரும் பணிகள் குறித்து: (1) ஒவ்வொரு பணிக்கும் மதிப்பீட்டின் நகல். (2) பணி ஆணை நகல். (3) அளவுப் புத்தகத்தில் இப்பணிக்கு உரிய பக்கங்களின் நகல். (4) பட்டியல் தொகை வழங்கப்பட்ட தேதியும் தொகையும். (5) மேற்படிக் கோப்பை நேரில் பார்வையிட ஒரு நாள் குறித்துத் தரவும்.’

இதில் ‘ஏன்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் தூர் வாராமலே பில் போட்டிருந்தால் தப்பிக்க வழியும் இல்லை. காரணம் மூன்றாவது கேள்வி. எம்-புக் என்று பொறியாளர்கள் சொல்லும் அளவுப் புத்தகத்தில்தான் நீளம், அகலம், ஆழம், அளந்த தேதி, அளந்த உதவிப் பொறியாளரின் கையெழுத்து எல்லாம் இருக்கும். அந்த அளவு இல்லாமல் காண்ட்ராக்டருக்குப் பணம் போகாது. ‘நூற்று இருபது மீட்டர்’ என்று எம்-புக் சொல்லும் வடிகாலை நீங்கள் டேப் வைத்து அளந்தால் எண்பதோடு முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் உங்கள் மனுவில் ஒரு உரிச்சொல்லும் தேவைப்படாது. சாலை வேலையிலும் இதே கதைதான். தாரின் கனம் எஸ்டிமேட்டில் எத்தனை மில்லிமீட்டர், பழைய தாரைச் சுரண்டி எடுக்க எவ்வளவு காசு, இரண்டையும் பாருங்கள். சுரண்டாமலே மேலே மேலே போட்டு வீட்டு வாசல் பள்ளமாகிப் போன தெருக்களில், சுரண்டியதாகப் பணம் எடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது.

நேரில் பார்வையிடும் உரிமையை மக்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை, அது பெரிய இழப்பு. சட்டப்படி வேலை நடக்கும் இடத்தையும் பார்க்கலாம், பயன்படுத்திய பொருளில் சான்றளித்த மாதிரியும் கேட்கலாம். கோப்பைப் பார்க்க முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. கோப்பில் குறிப்புப் பக்கங்களை முதலில் புரட்டுங்கள். யார் என்ன ஆட்சேபம் எழுதினார், அதை யார் அடுத்த வரியில் ஒதுக்கித் தள்ளினார் என்பது அங்கேதான் இருக்கும். நகல் மட்டும் கேட்டால் அந்தப் பக்கங்கள் ‘விடுபட்டுப்’ போவது உண்டு.

கட்டணம் எவ்வளவு? யாருக்கு எப்படிக் கட்டுவது?

தமிழக அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். என்எல்சி, ரயில்வே, தபால் துறை போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் செல்லாது, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வையுங்கள் அல்லது இணையத்தில் கட்டுங்கள். நெய்வேலிக்கு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பித் திரும்பி வந்த கடிதங்கள் ஏராளம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று இணைக்க வேண்டும்.

முப்பது நாள் ஆகியும் பதில் இல்லை. அல்லது ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்கிறார்கள்.

முப்பது நாள் தாண்டினால் அதன்பின் தரும் நகலுக்குப் பணம் கேட்க முடியாது. அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள், தமிழக அலுவலகங்களுக்கு இதற்குக் கட்டணம் இல்லை. அவர் முப்பது நாளில், மிஞ்சினால் நாற்பத்தைந்து நாளில் முடிக்க வேண்டும். அதுவும் பயன்படவில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தாமதித்த பொதுத் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆணையம் வரை போனால் காத்திருப்பு நீளும், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் நாங்கள் பார்த்தவரை, பல தகவல்கள் முதல் மேல்முறையீட்டிலேயே வந்துவிடுகின்றன. கீழே இருப்பவர் தள்ளிப்போட்டதை மேலதிகாரி தன் கையெழுத்தில் மறுக்க யோசிப்பார். அதனால் முதல் மேல்முறையீட்டைச் சடங்காக நினைத்து இரண்டு வரியில் முடிக்காதீர்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வரவில்லை என்று வரிசையாக எழுதுங்கள்.

‘கோப்பு கிடைக்கவில்லை’ என்பது சட்டத்தில் மறுப்புக்கான காரணமே இல்லை. கோப்பு காணாமல் போனது எப்போது தெரியவந்தது, யார் பொறுப்பில் இருந்தது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்பட்டதா என்று அடுத்த விண்ணப்பம் போடுங்கள். காணாமல் போன கோப்புகள் இதற்குப் பிறகு பீரோவில் இருந்து எழுந்து வந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

‘தனிநபர் விவரம், தர இயலாது’ என்று எழுதிவிட்டார்கள்.

இது இனி அதிகமாக வரும். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) என்ற தனிநபர் விவரப் பிரிவை, 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தி, விலக்கை அகலமாக்கிவிட்டது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே பொதுநலன் என்ற கதவு இருந்தது, அது எடுக்கப்பட்டது. நமக்கு இது பின்னடைவுதான்.

ஆனால் 8(2) அப்படியே இருக்கிறது. தகவலை வெளியிடுவதால் வரும் பொதுநலன் பாதிப்பைவிடப் பெரிது என்றால் தரலாம் என்கிறது அது. மேல்முறையீட்டில் இதைக் குறிப்பிட்டு, என்ன பொதுநலன் என்று இரண்டு வரி எழுதுங்கள். மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்று 4(1)(ஆ) சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ள நிவாரணப் பட்டியலில் எங்கள் தெரு மட்டும் விடுபட்டது. இப்போது கேட்டுப் பயன் உண்டா?

கேளுங்கள். இந்த மாவட்டத்துக்கு இது தீராத கேள்வி. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015-இல் விசூரையும் பெரியகாட்டுப்பாளையத்தையும் அடித்துப்போன வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்த பிறகு பட்டியல் சண்டை வரும்.

கேட்க வேண்டியவை: கணக்கெடுப்பு நடந்த தேதி, எடுத்தவர் பதவி, தெருவாரியான பயனாளிகள் எண்ணிக்கை, கணக்கெடுப்பு வழிமுறைக்கான ஆணையின் நகல், விடுபட்டவர்கள் கொடுத்த மனுக்கள் எத்தனை, ஏற்கப்பட்டவை எத்தனை. தனி ஆள் பெயர்களைக் கேட்பதைவிடத் தெருவாரி எண்ணிக்கை கேட்பது நல்லது. மறுக்கக் காரணம் கிடைக்காது. முந்நூறு வீடு உள்ள தெருவில் நாற்பது பேர், அடுத்த தெருவில் வீட்டைவிடப் பயனாளி அதிகம் என்று தெரிந்தால் மற்றதைப் பட்டியலே சொல்லிவிடும்.

நிவாரணத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை என்பது எங்கள் ஆதங்கம். 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்து அணை, கடலில் சேரும் இடம் கடலூர். எந்த மணிக்கு எவ்வளவு திறந்தார்கள், கடலூர் மாவட்ட நிர்வாகத்துக்கு எத்தனை மணிக்குச் செய்தி வந்தது, அது கரையோர ஊர்களுக்கு எப்படிப் போனது? அணைப் பதிவேடும் எச்சரிக்கைக் கடிதங்களும் பொதுப் பதிவுகள். நிவாரணம் ஒரு தடவை வரும், எச்சரிக்கை ஒழுங்குபட்டால் அடுத்த வெள்ளத்துக்கும் உதவும்.

கிராம சபையில் பேசினால் ஏதாவது நடக்குமா? ஊராட்சியில் இப்போது தலைவரே இல்லையே?

கடலூர் மாவட்டத்தில் 2019 டிசம்பர் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லை என்பதால் கிராம சபை இல்லாமல் போகாது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள், அது கலைவதே இல்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டம்.

போகும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். முதலாவது, வரவு செலவைப் படிவம் 30-இல் எழுதி எல்லோரும் படிக்கிற மாதிரி வைக்க வேண்டும். வைத்திருந்தால் படம் எடுங்கள், வைக்கவில்லை என்றால் ‘படிவம் 30 எங்கே?’ என்று கூட்டத்திலேயே கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் மரியாதை வேறு. இரண்டாவது, கூட்டம் தொடங்கும் முன் நோட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானங்களைப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. தீர்மானத்தை எழுதி, வாசித்து, அதன்பிறகு கையெழுத்து என்று பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் மறுக்க முடியாது. ஒருவர் மட்டும் சொன்னால் ‘பிரச்னை பண்றவர்’ ஆகிவிடுவார். மூன்றாவது, உங்கள் கோரிக்கையை வாய்மொழியாகச் சொல்லாமல் தீர்மான வாசகமாகவே எழுதிக்கொண்டு போங்கள். ஒரு வாரம் கழித்துத் தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள்.

மாநகராட்சி, நகராட்சி ஆட்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் 2022 விதிகளின்படி உண்டு. கடலூர் 2021-இல் மாநகராட்சியாகி 45 வார்டுகள் இருக்கின்றன. உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். பதிலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கவும் மனமில்லை, சண்டை போடவும் தெம்பில்லை.

இரண்டு வழி. முதல் வழி லஞ்ச ஒழிப்புத் துறை. பணம் கொடுக்கும் முன்பே அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, வேறு துறை அரசு ஊழியர்களைச் சாட்சியாக வைத்துப் பிடிப்பார்கள். நோட்டைத் தொட்ட விரலைக் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று பயமுறுத்துவார்கள். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுக் கொடுத்தால் உங்கள்மேல் குற்றமில்லை. வற்புறுத்தலால் கொடுத்துவிட்டால் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

இரண்டாவது வழி மெதுவானது, ஆனால் சத்தமில்லாதது. தாலுகா அலுவலகத்துக்கு ஒரு தகவல் விண்ணப்பம்: ‘எனது இன்ன எண் விண்ணப்பத்துக்குப் பின் தேதியில் வந்து, எனக்கு முன் முடிக்கப்பட்ட பட்டா மாறுதல் விண்ணப்பங்களின் எண், வந்த தேதி, முடித்த தேதி தருக.’ அவ்வளவுதான். வரிசை தாண்டிய விண்ணப்பங்களை ஒரு அலுவலகம் தன் கையால் எழுதித் தருவதற்குப் பதில், உங்கள் பட்டாவையே முடித்து அனுப்பிவிடுவது எளிது என்று முடிவு செய்வது வழக்கம். உட்பிரிவு உள்ள மனு என்றால் சர்வேயர் வந்து அளந்த தேதி விவரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

சிப்காட் பக்கம் இரவில் நாற்றம் தாங்கவில்லை. புகார் செய்தால் அதிகாரி வரும்போது நாற்றம் இருப்பதில்லை.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்னோடி உண்டு. ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம் பக்கத்து ஊர்க்காரர்கள் 2004 வாக்கில் சிப்காட் பகுதி சமுதாய சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று சேர்ந்தார்கள். எந்த நாள், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், நாற்றம் அழுகிய முட்டை மாதிரியா, நெயில் பாலிஷ் மாதிரியா, கண் எரிந்ததா என்று நோட்டில் எழுதிவைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் சிறப்புப் பை வைத்து, நாற்றம் வந்த நிமிஷத்திலேயே காற்றைப் பிடித்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் இருந்தது தெரிந்தது. அதே 2004-இல் உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு இங்கே வந்து பார்த்தது. ‘சும்மா நாற்றம்’ என்று தள்ளிவந்ததை அதன்பிறகு யாராலும் அப்படிச் சொல்ல முடியவில்லை.

ஆய்வகம் உங்களுக்கு எட்டாமல் போகலாம். நோட்டு எட்டும். ஐந்து வீட்டில் ஐந்து பேர் தனித்தனியாக எழுதிய நோட்டுகளில் ஒரே இரவு, ஒரே மணி வந்தால் அது சான்று. அதை மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அந்தந்தத் தேதியில் எந்தெந்த ஆலையில் ஆய்வு நடந்தது, ஆலை இயங்க வாரியம் கொடுத்த இசைவாணையின் நிபந்தனைகள் என்ன என்று கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைகள் நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததாக ஆறு மாதத்துக்கு ஒரு அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

புது ஆலை, சுரங்க விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்கிறார்கள். கண்துடைப்புதானே?

பாதி கண்துடைப்புதான், ஆனாலும் போக வேண்டும். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் எதிர்த்தாலும் அனுமதி வரலாம். ஆனால் அங்கே பதிவாகும் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் நிறுவனம் பதில் எழுத வேண்டும். பதிவாகாத ஆட்சேபத்தைப் பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்தில் கிளப்புவது கடினம்.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். வரைவு அறிக்கையும் தமிழில் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் இருக்க வேண்டும். முன்கூட்டியே போய்ப் புரட்டுங்கள். ‘பத்து கிலோமீட்டருக்குள் நீர்நிலை இல்லை’ என்று எழுதிவிட்டு நம் பெருமாள் ஏரியை மறந்திருந்தால் அதைச் சொல்ல உள்ளூர்க்காரர்தான் வேண்டும். எழுத்திலும் கொடுங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக்காட்ட வேண்டும், அதற்கு முன் யாரும் கிளம்பாதீர்கள். பந்தலில் சாப்பாடு போட்டவுடன் பாதிக் கூட்டம் கரைந்துவிடும் என்பது ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் தெரியும். அனுமதி வந்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் முறையிட முப்பது நாள்தான் கெடு.

நிலம் எடுப்பு என்றால் இழப்பீட்டை முடிவு செய்த தீர்வாணை நகலும், நிலம் சுவாதீனம் எடுக்கப்பட்ட தேதிக்கான ஆவணமும் கையில் இருக்க வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்எல்சி சுரங்கத்தின் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக நின்ற நெற்பயிரில் இயந்திரம் இறங்கியபோது, நிலம் எப்போது யார் கைக்கு வந்தது என்பதுதான் வாதத்தின் நடுவில் இருந்தது.

பயமாக இருக்கிறது. மணல், குவாரி விஷயத்தில் கைவைத்தால் என்ன ஆகும்?

பயம் நியாயமானது. 2023-இல் தூத்துக்குடி மாவட்டத்தில் மணல் கடத்தலைப் புகார் செய்த வி.ஏ.ஓ. அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் திருமயம் அருகே குவாரி முறைகேடுகளைப் பற்றிப் புகார் கொடுத்தவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். வீரம் பேசி யாரையும் இதில் தள்ள மாட்டோம்.

செய்யக்கூடியது: தனி ஆளாக முகம் காட்டாதீர்கள். தகவல் கேட்க அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் நான்கைந்து பேர் ஒரே கேள்வியை ஒரே வாரத்தில் அனுப்பலாம். வந்த தகவலை உடனே பலரிடம் பரப்பிவிடுங்கள், ஒருவரிடம் மட்டும் இருக்கும் ஆவணம்தான் ஆபத்து. மிரட்டல் வந்தால் அன்றே எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்கு. வட்டார அரசியலில் எந்தக் கட்சிக்காரர் எந்தக் குவாரியில் கூட்டு என்று தெரியாமல் உள்ளூர்க் கட்சி ஆளிடம் காகிதத்தைக் கொடுக்க வேண்டாம்.

வக்கீல் வைக்கப் பணமில்லை. கோர்ட்டுக்குப் போக முடியுமா?

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே இல்லை. உதவி எண் 15100. பொதுநல வழக்கு கடைசிப் படி. கையில் பதிவு செய்த மனுவும் அதற்கு வந்த பதிலும் இல்லாமல் போனால், ‘முதலில் அதிகாரிகளிடம் மனு கொடுங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள்.

நான் புதுச்சேரி. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

தகவல் உரிமைச் சட்டம் அதேதான், ஆனால் இரண்டாம் மேல்முறையீடு சென்னைக்குப் போகாது. யூனியன் பிரதேசம் என்பதால் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகும்.

பெரிய வித்தியாசம் உள்ளாட்சி. 1968-க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து 2006-இல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பிறகு ஆண்டுகள் பல ஓடியும் மறுதேர்தல் நடக்கவில்லை. ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகளே நடத்திவந்தார்கள். ரெட்டிச்சாவடியில் இருப்பவர் கவுன்சிலர், ஒன்றியம் என்று யாரையாவது திட்டிப் பழகியவர். சாலையைத் தாண்டிப் பாகூர்ப் பக்கம் போனால் வாய்க்கால் அடைப்புக்கும் எம்எல்ஏ-தான். அதனால் அங்கே எல்லாமே தயவாக மாறிவிடுகிறது. புதுச்சேரி நண்பர்கள் முதலில் பிடிக்க வேண்டிய கோரிக்கை உள்ளாட்சித் தேர்தல்தான் என்பது எங்கள் கருத்து.

எல்லையில் இருப்பது ஒரு விதத்தில் சாதகமும்கூட. ஃபெஞ்சல் புயலுக்குத் தமிழக அரசு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. புதுச்சேரி அரசு ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் அறிவித்தது. ஒரே மழை, ஒரே ஆறு. பக்கத்து அரசு செய்வதைக் காட்டிக் கேட்பது இரு பக்கமும் எடுபடும்.

ஒரு வாய்க்கால், ஒரு பட்டா சரி. சட்டத்தை, நடைமுறையை மாற்ற நம்மால் முடியுமா?

மாறியிருக்கிறது. ராஜஸ்தானில் 1994-இல் கோட்கிரானா என்ற ஊரில் கூலிக்காரர்கள் பொது விசாரணை வைத்து வருகைப் பதிவேட்டை உரக்க வாசித்தார்கள். வேலை செய்யாதவர் பெயரில் கூலி போயிருந்தது ஊர் முன்னால் தெரிந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் வேர்களில் அது ஒன்று. தமிழ்நாடு 1997-இலேயே சொந்தமாக ஒரு தகவல் சட்டம் போட்டது, விலக்குகள் மலிந்த சட்டம் என்பதால் பயன் குறைவு. வேட்பாளரின் சொத்து, குற்ற வழக்கு விவரம் இன்று எல்லோர் கையிலும் இருப்பது, சில குடிமக்கள் அமைப்புகள் நடத்திய வழக்குகளில் 2002, 2003-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளால்.

மாவட்ட அளவில் பலர் மறந்துவிடும் இடம் சட்டப்பேரவையின் மனுக்கள் குழு. குழு மாவட்டங்களுக்கு வந்து நேரில் விசாரிக்கிறது, துறை அதிகாரிகள் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். ஒரே பிரச்னை பத்து ஊரில் இருக்கிறது என்றால், பத்து ஊரின் தகவல் உரிமைப் பதில்களை அட்டவணையாக்கி அங்கே கொடுங்கள். எம்எல்ஏ-விடம் போகும்போதும் வெறும் கோரிக்கை வேண்டாம், பேரவையில் கேட்கக்கூடிய கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி நிதியில் என்னென்ன வேலை என்ற பட்டியலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இந்தக் காகிதங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

ஒவ்வொரு பிரச்னைக்கும் ஒரு ஃபைல். மேலே ஒரு வெள்ளைத்தாளில் தேதி, யாருக்கு, எண், பதில் என்று நான்கு கட்டம். இரண்டாம் மேல்முறையீடு முடியும்வரை எதையும் தூக்கிப் போடக் கூடாது. நிலம், பட்டா, இழப்பீடு சம்பந்தப்பட்டவை நிரந்தரம். போனில் படம் எடுத்து மெயிலில் ஒரு பிரதி போட்டுவையுங்கள். தரையோடு வைக்காமல் பரண் மாதிரி உயரத்தில் வையுங்கள், கடலூரில் ஃபைலும் வெள்ளத்தில் போகும்.